முன்சக்கரத்துக்கு ஒன்று

கோரிஸில் மூன்று நாள் மழை.
நான்காம் நாள் வெயில். அதுதான் சிக்கல்.

நாளைக் காலை பத்தரைக்குப் பந்தயம்.
கொட்டகைத் தரையில் நான்கு டயர்கள்
எழுந்து போகாத கடன்காரர்களாய்ச் சாய்ந்திருக்கின்றன.

மெரெரிட் மலையேறிப் பார்த்துவிட்டு வந்தாள்.
"மேலே காய்ந்துவிட்டது."
"கீழே?"
பதில் சொல்லாமல் பூட்ஸைக் காட்டினாள்.
கணுக்கால்வரை கருஞ்சேறு,
அதில் ஒட்டிய ஊசியிலைகள்.

ஒரே மலைக்கு இரண்டு உடம்பு.
உச்சியில் உடைந்த பலகைக்கல் சரிவு,
மிதித்தால் பீங்கான் சத்தம்.
பாதிக்குக் கீழே ஸ்ப்ரூஸ் காடு,
வெயில் நுழைந்தே பழக்கமில்லாத இடம்.
வேர்கள் எல்லாம் நனைந்த சோப்பு.

சேற்று டயரை மடியில் வைத்து அழுத்துகிறேன்.
ஒல்லி உடம்பு, நெட்டைப் பற்கள்,
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே
கட்டைவிரல் நுழையும் சந்து.
சேற்றைக் கடிக்கும், கடித்த கையோடு துப்பும்,
அடியிலுள்ள கெட்டி மண்ணைத் தேடும்.
கல்லில் ஏறினாலோ
ஆடும் பல்லால் முறுக்குத் தின்பவன் கதிதான்.

மற்றது குட்டைப் பல், நெருக்க வரிசை.
காய்ந்த தடத்தில் எண்ணெயாய் ஓடும்.
சேற்றில் இரண்டே சுற்று,
பல் இருந்த தடயமே இராது,
வழவழவென்று ஒரு களிமண் வளையம்.

ஏப்ரலில் அதைத்தான் நம்பினேன்.
தோள்பட்டை எலும்பு அன்றிலிருந்து
மழைக்கு முன்பே முனகும்.
இன்று அது வாயைத் திறக்கவில்லை.
வானிலை அறிக்கையும் வெயில் என்கிறது.
இரண்டுமே என்னிடம் பொய் சொன்னவை.

"பின்சக்கரம் வழுக்கினால் கதை,
முன்சக்கரம் வழுக்கினால் எலும்பு"
என்றாள் மெரெரிட்,
என் தோளைப் பார்க்காமல்.

முன்னே சேறு, பின்னே வெயில்.
விளிம்பு டப்பென்று உட்கார்ந்தது,
அடைப்புப் பால் கையெல்லாம்.
காற்று இருபத்திரண்டு.
கொஞ்சம் விட்டேன், இருபது.
பயந்து மறுபடி அடித்தேன்.
ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து போய்
மறுபடி விட்டேன்.

பந்தயம்:
கல்சரிவில் முன்சக்கரம் நெளிந்தது,
மூன்று பேர் என்னைத் தாண்டினார்கள்.
காட்டுக்குள் அவர்களில் இருவர்
ஆளுக்கொரு வேரடியில் உட்கார்ந்து
சைக்கிளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.
மூன்றாமவன், பாலாவிலிருந்து வந்த பையன்,
இரண்டு சக்கரத்திலும் வெயில் டயர்,
கால்கள் பெடலில் இல்லை,
ஓவென்று கத்திக்கொண்டே
அத்தனை வேரையும் கடந்து போனான்.
எப்படி என்று இன்னும் புரியவில்லை.

எனக்குப் பதினேழாவது இடம்.

திங்கட்கிழமை மரஅறுப்பு ஆலைக்குப் போகிறேன்.
டயரை மாற்றவில்லை, கட்டைவிரல் வலிக்கிறது.
காய்ந்த தார்ச்சாலை நெடுக
முன்சக்கரம் தேன்கூடாய் இரைகிறது.
வேலிக்குப் பின்னால் ஆடுகள்
மேய்ச்சலை விட்டு
என்னைத் தலைதூக்கிப் பார்க்கின்றன.