எண்ணெய் குடிக்காத துணி

மணலியில்
டேங்கர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ரோட்டுக்குப் பின்னால்
டீசல் பம்ப் சர்வீஸ் கடை.
பதினோரு வருஷமாக அங்கே
நட்டும் வால்வும் துடைக்கிறேன்.
என் கையைப் பார்த்து ஜோசியம் சொல்ல வருகிறவன்
கூடவே கொஞ்சம் மண்ணெண்ணெயும் கொண்டுவர வேண்டும்.

துடைக்கிற துணி எத்திராஜ் போடுவது.
எழில் நகர் குடோனிலிருந்து
எக்ஸெல் வண்டியில் மூட்டை வரும்,
கிலோ ஐம்பத்தைந்து.
முன்பெல்லாம் பிரித்தால்
பனியன், லுங்கி, நைந்த வேட்டி.
கிரீஸில் வைத்தால் போதும்,
வெயிலில் வந்த ஆள்
சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துக்கொள்வது மாதிரி
ஒரே மடக்கு.

இப்போது வருவதெல்லாம் பளபளப்பு.
துடைத்தால்
எண்ணெய் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போகிறது,
அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வருகிறது,
ரேஷன் கார்டுக்கு நான் அலைந்த மாதிரி.

"இன்னாய்யா இது, குடிக்கவே மாட்டேங்குது?"

எத்திராஜ் ஒரு நூலை உருவினான்,
தீக்குச்சி கிழித்தான்.
சாம்பலாகவில்லை அது.
சுருண்டு, கறுத்து,
ஒரு மணியாக இறுகி நின்றது.
"பாலியஸ்டர், தேசராணி.
கச்சா எண்ணெயில இருந்து எடுக்குறது.
எண்ணெய்க்குப் பொறந்தது
எண்ணெயத் தொடைக்குமா?"

திரும்பி ரிஃபைனரியைப் பார்த்தேன்.
புகைபோக்கி உச்சியில் எப்போதும்போல ஒரு தீ,
யாருக்கோ இன்னும் சமையல் முடியாதது மாதிரி.

அந்த மூட்டையில் ஒரு மஞ்சள் சட்டை.
விலைச்சீட்டு கழற்றவில்லை. நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
இன்னொன்றில் ஒரு பட்டன் மட்டும் இல்லை.
ஒரு பட்டனுக்காக
ஒரு சட்டையைக் கொன்றிருக்கிறார்கள்.
அடுப்பங்கரை டப்பாவில் என்னிடம்
முப்பது பட்டன் சும்மா கிடக்கிறது.

கொடுங்கையூர் மேடு புகைந்த ராத்திரிகளில்
ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்ததே ஒரு நாற்றம்,
பிளாஸ்டிக் குடம் என்று நினைத்தேன்.
குடம் மட்டும் இல்லை போல.
தீபாவளிச் சட்டையும்தான்.

காலேஜ் கடைசி நாளுக்கு
ஆல்பினுக்குச் சட்டை வேண்டும்.
எம்.சி. ரோட்டில் நாலு எடுத்தால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது,
நாலு போட்டோவுக்கு நாலு.
போனோம்.
பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து
முதல் சட்டையின் விளிம்பில் ஒரு சொட்டு வைத்தேன்.
முறைத்துக்கொண்டு அப்படியே நின்றது சொட்டு.

"யக்கா! துணி நனையுது!"

"நனையல தம்பி,
அதான் பிரச்சனை."

ஆல்பின் பக்கத்துக் கடைப் பொம்மையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
என்னைத் தெரியாத பிள்ளை மாதிரி.
ஆறு கடை. ஆறு சொட்டு.
நான் கட்டியிருந்ததே பூனம் சேலைதான், மறைப்பானேன்.
கல்யாணமான வருஷம் வாங்கியது,
கிழியவும் மாட்டேன் என்கிறது.
கிழிகிறவரைக்கும் அதற்கு என்னைவிட்டால் யார்?

ஏழாவது கடை சந்துக்குள்ளே.
நீலத்தில் ஓர் அரைக்கை.
சொட்டு வைத்தேன்,
விரலை எடுப்பதற்குள் காணவில்லை.
அறுநூற்று இருபது ரூபாய்.

"ஒண்ணுதானா?" என்றான்.
பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்:
காலர் தேய்ந்தால் திருப்பித் தைக்கலாம்.
அக்குள் விட்டால் ஒட்டுப் போடலாம்.
அப்புறம் தலையணை உறை.
அதற்கும் அப்புறம் ஒருநாள்
என் மேஜைக்கு வரும்,
ஒரு பம்பின் எண்ணெயை ஒரே மடக்கில் குடிக்கும்.
இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை.
இருபத்தொரு வயசுப் பையனிடம்
புதுச்சட்டையின் சாவைப் பற்றி
யார் பேசுவார்கள்?

ராத்திரி ஷிஃப்ட் லாரிகள் ஹாரன் அடித்துப் போயின.
எழுந்து விளக்கைப் போட்டேன்.
ஆணியில் தொங்கிய நீலச் சட்டையின் விளிம்பில்
பொட்டளவு ஈரம்.

கடையில் நான் வைத்தது
எப்போதோ காய்ந்திருக்க வேண்டும்.