பாதாளத்துக்குப் பன்னிரண்டு எழுத்து

பேட்டை ரயில்வே கேட்டுக்கு வடக்கே
மாடி அறை, தகரக் கூரை, மதியம் இரண்டு மணி.
நரகத்தை மொழிபெயர்க்க இதைவிடத் தோதான இடம்
கம்பெனிக்காரனுக்குக் கிடைத்திருக்காது.

எட்டாயிரத்து நானூறு வரி. சொல்லுக்கு அறுபது காசு.
கதை இதுதான்:
அப்பன் சீட்டாட்டத்தில் தோற்ற பாதாளத்தை
அரக்க இளவரசி கட்டம் கட்டமாக மீட்க வேண்டும்.
படையில் ஏழு பேர்.
ஒருத்தனுக்குக் கொம்பு ஒன்றுதான், மற்றது அடகில்.
நம் முறை முடிந்தால்தான் அவர்கள் முறை.
அதுவரை ஓங்கிய கோடாலி ஓங்கியபடி
எதிராளி பொறுமையாக நிற்கிறான்.
வண்ணார்பேட்டை சிக்னலில்
இப்படி ஒரு மரியாதையை நான் கண்டதில்லை.

முதல் சிக்கல், வசவு.
ஒன்பதாம் வரியில் ஒரு பேய் இன்னொரு பேயைத் திட்டுகிறது.
கை தானாக அடித்தது: ‘போல, சவமே.’
அப்புறம்தான் உறைத்தது.
அங்கே சவம் என்பது வசவா, குடியுரிமையா?
‘கட்டையில போவான்’ என்றால்
போய்த்தானே வந்திருக்கான்.
‘நாசமாப் போ’ என்றால்
இறங்கவேண்டிய ஸ்டாப் அதுதான் என்பான்.
எங்கள் ஊர் வசவு மொத்தமும்
பாதாளத்தில் செல்லாத நோட்டு.
ராத்திரி ஒன்றரைக்கு, கரண்டு போன இருட்டில் பிடிபட்டது:
‘நீ நல்லாருப்பல.’
மறுநாள் ஓட்டிப் பார்த்தேன்.
எதிரே நின்ற பேய்க்கு முகம் தொங்கிவிட்டது.

சென்னையிலிருந்து ஹெப்சிபா கூப்பிட்டாள்.
‘வடிவு மேடம், பேயெல்லாம்
பொதுத்தமிழ் பேசினா நல்லாருக்குமே?’
பேசட்டும்.
வசனப்பெட்டியில் பன்னிரண்டு எழுத்துக்குத்தான் இடம்.
‘தங்கள் ஆணைப்படியே இளவரசி’ என்று போட்டதில்
இளவரசி பெட்டிக்கு வெளியே தொங்கினாள்.
‘சரிட்டீ’ என்று மாற்றினேன்.
நாலே எழுத்து. மிச்சத்தில் ஒரு பேய் கொட்டாவி விடலாம்.
ஹெப்சிபா கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, ‘ட்டீ மட்டும் குறில்’ என்றாள்.
அவளுக்கும் ஊர் திசையன்விளைப் பக்கம்தானாம்,
மூன்று மாதமாக மறைத்திருக்கிறாள்.

பாதாளத்தின் ஆகப்பெரிய பதவிக்கு
‘மாடன்’ என்று எழுதி, உடனே அழித்தேன்.
அவர் கேஸ் எல்லாம் போடமாட்டார்,
கனவில் வந்து சுருட்டு கேட்பார்.
‘தாசில்தார்’ என்று போட்டேன்.
பேய்களின் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற
அவருக்கு இரண்டு பொற்காசும்
ஒரு பொரித்த வௌவாலும் கொடுக்க வேண்டியிருந்ததால்
பெயர் பொருந்தியது.

செத்த பேயைக் காசு கட்டி எழுப்பும் இடத்துக்கு
‘ஹைகிரவுண்டு’ என்று வைத்தேன்.
இதை ஹெப்சிபா விளக்கம் கேட்காமலே விட்டுவிட்டாள்.

ஏழாயிரத்துச் சொச்சமாவது வரியில்
அந்த ஒற்றைக்கொம்பன் சாகிறான்.
கட்டத்தின் ஓரம், முதுகில் மூன்று ஈட்டி.
மூலத்தில் அவன் பேசுவது நீளமாக இருந்தது:
பிரிவு, நட்பு, நன்றி, என்றென்றும்.
நான் சிரித்துக்கொண்டு வேலை பார்க்கிறவள்.
அன்றைக்கு விரல் நின்றுவிட்டது.
போகிறவன் போகிறேன் என்றா சொல்வான்
நம்ம பக்கத்தில்?
‘வாரேன்’ என்று அடித்தேன்.

முப்பது காசுக்கு அடுத்த ஆட்டத்தில்
வந்தும்விட்டான்.
கொம்பு இன்னும் அடகில்தான்.

நாற்பத்தைந்து நாளில் வரும் என்ற என் பணம்
அறுபத்திரண்டாம் நாளும் வரவில்லை.
இது அவர்கள் முறை.
நானும் கோடாலியை ஓங்கியபடி
மரியாதையாக நின்று பார்த்தேன்.
இன்று காலை கணக்குப் பிரிவுக்கு மெயில் போட்டேன்,
ஹெப்சிபாவுக்கு ஒரு நகல்.
ஒரே வரி:
‘நீங்கள்லாம் நல்லாருப்பீங்க.’

கணக்குப் பிரிவு நன்றி சொல்லிப் பதில் போட்டது.
ஹெப்சிபா பதறிப்போய் போன் பண்ணினாள்.
ஒன்பதாம் வரியைச் சரிபார்த்தவள் அவள்தானே.