முப்பது மில்லி

திருவட்டாறு தாலுகா ஆபீசில்
பச்சை, தாசில்தாருக்கு.
சிவப்பு, தணிக்கைக்கு வருகிறவர்களுக்கு.
எங்களுக்கு நீலம்.
இத்தனை வருஷமும் நீலத்தில்தான்
பட்டா மாற்றினேன்,
வாரிசுகளை வரிசையில் நிறுத்தினேன்,
செத்தவர் பெயரை அடித்தேன்.

ஆசை வந்தது ஒரு கறையால்.
குலசேகரத்துக்காரர் ஒருவர் மனுவோடு
ஒரு பை மங்குஸ்தான் வைத்தார்.
"லஞ்சம் இல்ல மேடம், பழம்."
நகத்தால் பிளந்தேன்.
சுளை வாய்க்குப் போனது.
தோட்டின் சாறு 'அ' பதிவேட்டின் ஓரத்தில்
கட்டைவிரல் அகலத்துக்கு இறங்கிக் காய்ந்து
சிவப்பும் அல்லாமல் ஊதாவும் அல்லாமல்
கேட்டதற்குப் பதில் சொல்லாமல்
சிரிக்கிற ஒரு நிறம்.

அதில் எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது.
எதை என்று தோன்றவில்லை.

சிவப்பு மையில் கருநீலம் கலந்தேன்.
கணவாய் கழுவிய தண்ணீர்.
பதிமுகம் கொதிக்கவைத்தேன்.
தம்ளரில் அழகு, தாளில்
ஆஸ்பத்திரிச் சுவரின் ரோஸ்.
கிறிஸ்துமசுக்கு மைனி பரணியில் ஊறவைத்த ஒயினில்
நிப்பைத் தோய்த்து ஒரு வரி எழுதினேன்.
காலையில் எறும்புகள் அதை
எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தன.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
"ஒயின் கலர் இருக்கா?" என்றேன்.
கடைப் பையன் ஒன்பது நகப்பூச்சுகளை
வரிசையாக நிறுத்தினான்.
ஏழாவது, அச்சு அசல் அதுவேதான்.
பத்து நகத்தில் எவ்வளவு எழுதிவிட முடியும்?

கடைசியில் கூரியர்.
ஜெறோம் வண்டியை நிறுத்தாமலே
தெரு கேட்கப் படித்தான்:
"ஒயின். முப்பது மில்லி. ஐந்நூற்று எழுபது ரூபா.
ஒரு கட்டிங்குக்குக் கூட காணாதே அக்கா!"
எதிர்வீட்டு ஜன்னல் திறந்து
மூட மறந்தது.

அன்று ராத்திரி, மீன்சட்டி கழுவிய கையை
மூன்று தரம் சோப்பு போட்டு
பேனாவுக்கு மை ஊட்டினேன்.
ஈரத்தில் ஏறக்குறையக் கறுப்பு.
காயக் காய
உள்ளறையில் யாரோ விளக்கைக் கொளுத்துகிறார்கள்.
வேகமாக இழுத்த கோட்டில் வெளிறி,
நிறுத்திய இடத்தில் அடர்ந்து,
'ழ'வின் கால் மடங்கும் வளைவில்
ஒரு துளி தேங்கி நின்று
போக மனமில்லாமல் போகிறது.

முதலில் எழுதியது:
வெள்ளைப்பூண்டு கால் கிலோ. புளி. சோப்பு இரண்டு.
பிறகு என் பெயர்.
ஆபீசில் அது வெறும் 'செ', ஒரு புள்ளி, ஒரு கீறல்.
இப்போது முழுக்க, அவசரமில்லாமல்,
செறாபினாள்.
செறாபினாள்.
பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் நிறைய.
இந்த மையில் யாருக்கும் எதுவும் கிடைக்காது.
நிலம் கைமாறாது, ஒருவரும் சாகமாட்டார்கள்.
கொள்ளாம், என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்,
மீன்குழம்பு ருசி பார்க்கிறவள் போல.

மறுநாள் தாசில்தாரின் பச்சை தீர்ந்துவிட்டது.
வாரிசுச் சான்றிதழ் கையில்,
வாசலில் மூன்று பிள்ளைகளும் ஒரு வக்கீலும்.
"மைப்பேனா வச்சிருக்கீங்களாமே? தாருங்க" என்றார்.
கைப்பையை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு
"எழுதாது சார்" என்றேன்.
அவர் என் நடுவிரலைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
பிறகு ஆள் அனுப்பினார்
பச்சை வாங்க.