ஐந்தாவது வாளி

புளூமெண்டால் வீதி, மூன்றாம் மாடிக்கும் மேலே,
தண்ணீர்த் தாங்கிக்கும் டிஷ் அன்டெனாவுக்கும் நடுவில்
ஐந்து பெயின்ட் வாளிகளில் கோதுமை வளர்த்தேன்.
"கொழும்பில கோதுமையா?" என்று
பக்கத்து மாடியில் உடுப்புக் காயப்போடும் பெனடிக்டா சிரித்தாள்.
எங்களுக்குத் தெரிந்த கோதுமை
கப்பலில் வந்து, மாவாகி, பாணாகித்தான்
வீட்டுக்குள் நுழையும்.
முளையாக அதைப் பார்த்தது
எனக்கும் அதுதான் முதல்தரம்.

கம்பனிக்கு ஒரு பதில் வேண்டும்.
முல்தானிலிருந்து ஒரு வியாபாரி கேட்டிருந்தார்:
கோதுமைக்கு எந்தக் கந்தகம் நல்லது, எது மலிவு?

கழுவிய மணல், ஒரு பிடி தோட்டத்து மண்.
முதல் வாளிக்கு அமோனியம் சல்பேட்.
சீனிபோலக் கரைந்தது, கிழமைக்குள் இலை கரும்பச்சை.
அவசரக்காரன்;
போகிற போக்கில் மண்ணையும் புளிக்க வைப்பான்.
இரண்டாவதுக்கு ஜிப்சம். குறையொன்றும் சொல்வதற்கில்லை,
ஆனால் மூட்டை மூட்டையாகச் சுமக்க வேண்டும்.
மூன்றாவதுக்குத் தனிக் கந்தகம்,
மஞ்சள் குளிசைகள்.
போட்ட இடத்திலேயே கிடந்தன.
கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தின்று செரித்துக் கொடுத்தால்தான்
வேர் அதைத் தொடும்.
நாலாவது பொட்டாசியம் சல்பேட்.
விலையைச் சொன்னால் முல்தான்காரர் போனை வைத்துவிடுவார்.

ஐந்தாவதுக்குக் கந்தகம் இல்லை.
மற்றச் சத்தெல்லாம் அளந்து போட்டேன், அது மட்டும் இல்லை.
நாலு பேர் சாப்பிட்டார்கள் என்று காட்ட
ஒருவன் பட்டினி கிடக்க வேண்டுமே.

நைதரசன் குறைந்தால் கிழட்டு இலை மஞ்சளாகும்,
தன்னிடமிருப்பதைக் குருத்துக்கு அனுப்பிவிட்டு.
கந்தகம் அப்படி லேசில் இடம் மாறாது.
இருக்கிற இலை இருக்கும்,
புதிதாக வருகிறது வெளிறி வரும்.
அந்த வெளிறலுக்காக
ஆறு கிழமை குனிந்து குனிந்து பார்த்தேன்.
குருத்து பச்சையாகவே வந்தது.

"எங்கயோ மாத்திப் போட்டிருக்கிறீங்க" என்றார் திலகரட்ண சேர்.
எனக்கு மிஸ்கீன் நானாவில் சந்தேகம்.
தண்ணீர் ஊற்றுகிறவர், இரக்கப்பட்டு
ஒரு கரண்டி போட்டிருப்பாரோ.
"அல்லாவுக்குத் தெரியும் தங்கச்சி,
மழைத் தண்ணிதான் ஊத்தினன்.
பைப் தண்ணி குளோரின் மணக்குது, பாவம் அது."

மழைத் தண்ணீர்.

பின்னேரம் சுவரில் கையூன்றி நின்றேன்.
துறைமுகத்தில் ஏழு கப்பல்.
தார்போலத் தடித்த எண்ணெயை எரித்துக்கொண்டு
ஏழு புகைபோக்கி.
காற்று எங்கள் பக்கம்.
அதில் ஒன்று தானியக் கப்பல்:
வயிற்றிலிருந்து கோதுமையை இறக்கியபடியே
என் கோதுமைக்குப் பசளை தூவிக்கொண்டிருந்தது.

வாளி மழையைக் குடுவையில் எடுத்து
பேரியம் குளோரைட் சொட்டினேன்.
மூன்றாம் சொட்டில் பால்போலக் கலங்கியது.
கடல் உப்பிலும் கொஞ்சம் வந்திருக்கும்.
எவ்வளவு கடல், எவ்வளவு கப்பல் என்று பிரிக்க
எங்களிடம் கருவி இல்லை.

பக்கத்து மாடியில் பெனடிக்டாவின் சின்னவன்
இருமிக்கொண்டிருந்தான்.
நாலு வயது, நெஞ்சுக்குள் ஒரு விசில்.
ஆறு கிழமையும் அதைக் கேட்டிருக்கிறேன்,
அளவெடுக்கிற நேரத்தில்
எண்ணிக்கை பிசகுகிறதே என்று எரிச்சல்பட்டபடி.

புதிதாக ஒரு வாளி விதைத்து
ஆய்வுகூட யன்னலுக்கு உள்ளே வைத்தேன்.
வடித்த தண்ணீர், மூடிய கண்ணாடி.
இருபத்தோராம் நாள்
எலுமிச்சை நிறத்தில் ஒரு குருத்து.
சேருக்குச் சந்தோஷம்.
"இதைப் படம் எடுங்க. மாடியில இருந்ததை விட்டுடுங்க."

அறிக்கை முல்தானுக்குப் போய்விட்டது,
ஜிப்சம் வாங்கச் சொல்லி.
என் கொப்பியில் மட்டும்
மாடி வாளிக்கு ஒரு வரி இருக்கிறது:
மூலம், புகை.
விலை என்ற கட்டத்தில்
பூச்சியம் என்று எழுதி, வெட்டி,
பெனடிக்டாவிடம் கேட்க வேண்டும் என்று
பென்சிலால் குறித்திருக்கிறேன்.
இன்னும் கேட்கவில்லை.