இதுவா, அதுவா

பம்பலப்பிட்டிக் கண்ணாடிக் கடையில்
காலை பத்திலிருந்து இரவு ஏழு வரை
நான் கேட்பது ஒரே கேள்வி.
வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு,
"இது தெளிவா? இல்லாட்டி இதுவா?"
பிழையாகச் சொன்னால் அடி விழும் என்பதுபோல்
பெரிய பெரிய மனிதர்கள்
நாடியைத் தாங்கியில் வைத்தபடி தடுமாறுவார்கள்.

சம்பளம் விழுந்த இரவு
கொட்டாஞ்சேனை அறையில்
தடுமாறுவது என் முறை.
ஃபோனில் இரண்டு செயலிகள்.

பழையது
அனுப்பும் ஒவ்வொரு தடவையும் முப்பது ரூபாய் அரிந்துகொள்ளும்.
மாதம் ஆறு தடவை, நான்கு வருடம்.
பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன்:
எண்ணாயிரத்து அறுநூற்று நாற்பது.
எங்கள் கடையில் நடுத்தரமான ஒரு பிரேம்.

புதியது அனுப்பக் காசு கேட்காது.
பாண் வாங்கினாலும் பனடோல் வாங்கினாலும்
விலையை அடுத்த நூறுக்கு உயர்த்தி
இடையிலுள்ளதைத் தானாகவே முதலிடுமாம்.
"நீங்கள் தூங்கும்போதும் உங்கள் பணம் விழித்திருக்கும்."
இரண்டில் ஒன்றாவது
தூங்கினால் போதும் எனக்கு.

சில்லறையைத் தானாகப் பிடித்துக்கொள்வது
ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பல்ல.
காலி வீதி பஸ் கொண்டக்டர்
இறங்கும்போது தருவதாய்ச் சொல்லிச் சொல்லி
பத்து வருடமாய் என் மிச்சக் காசை
எங்கோ முதலிட்டுத்தான் வருகிறார்.
அந்த நிதியின் வளர்ச்சியை
எந்தத் திரையும் எனக்குக் காட்டியதில்லை.

சேருமுன் புதியது ஒரு கேள்வி கேட்டது:
உங்கள் முதலீடு இருபது வீதம் விழுந்தால்?
விற்பேன். காத்திருப்பேன். மேலும் வாங்குவேன்.
ரூபாய் பாதியாய் விழுந்த அந்த வருடம்
என்ன செய்தேன் என்று யோசித்தேன்.
வெற்றுச் சிலிண்டரை
முன்பின் தெரியாதவர்களின் சிலிண்டர்களோடு
சங்கிலியால் கட்டிவிட்டு
விடியும்வரை நடைபாதையில் குந்தியிருந்தேன்.
அதற்குத் தெரிவு இல்லை.
"காத்திருப்பேன்" அழுத்தினேன்.
நீங்கள் நிதானமான முதலீட்டாளர் என்று
பச்சை எழுத்தில் பாராட்டியது.

பஸ்மியா சொன்னாள்,
"வட்டி இருந்தா எனக்கு வேணாம்.
இல்லாட்டியும்,
முதல்ல நீ போடு, பாப்பம்."
சீட்டுப் பிடிக்கும் மெட்டில்டா அக்கா
நீலக் கொப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"அது விழுந்தா எந்தக் கதவைத் தட்டுவாய்?
என்ட கதவு உனக்குத் தெரியும்."
தெரியும். அந்தக் கதவில்
அழைப்பு மணி வேலை செய்யாததும் தெரியும்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது
கட்டணத்தையுமல்ல, வட்டியையுமல்ல.

பழையதைத் திறந்தால் முதலில் வரும் முகம்
என் அண்ணன் ரெஜினோல்ட்.
ருமேனியாவில், பனியில், கறுப்புக் கண்ணாடியோடு.
கண்ணாடி எங்கள் கடையினுடையது;
எனக்குக் கிடைத்த ஊழியர் கழிவில் வாங்கியது.
கீழே: மீண்டும் அனுப்பவா?
இங்கே அவன் விட்டுப்போன லீசிங் கணக்கு,
"ரெண்டே ரெண்டு மாசம், தங்கச்சி."
இது முப்பத்தேழாவது.
அந்தக் கணக்கிலக்கம் எனக்கு மனப்பாடம்.
என்னுடையதை இன்றைக்கும்
பார்த்துத்தான் எழுதுகிறேன்.

புதியதைத் திறந்தேன்.
பெறுநர் எவருமில்லை.

அந்த வெள்ளைத் திரையை
எவ்வளவு நேரம் பார்த்தேனோ.
பிறகு ஒவ்வொருவராய்ச் சேர்த்தேன்:
அறைக்காரர். தங்கையின் கம்பஸ் விடுதி.
தண்ணீர், மின்சாரம். மெட்டில்டா அக்கா.
ஐந்து. அத்தோடு விரல் நின்றது.
இன்னொருவரைச் சேர்க்கவா என்று அது கேட்டது,
நான் கடையில் கேட்பது போலவே
அவசரமில்லாமல்.

சோதனையின் கடைசியில் ஆட்கள் சலித்துச் சொல்வார்கள்,
"ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கு மிஸ்."
அங்கேதான் நிறுத்துவோம். அதுதான் அவர்களின் இலக்கம்.
எனக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கவில்லை.

இன்று பகல் ஒரு வாத்தியாருக்கு
இடக்கண் பார்த்துக்கொண்டிருக்கையில்
மேசையில் ஃபோன் அதிர்ந்தது. பனி. கறுப்புக் கண்ணாடி.
"எடுங்கோ, பரவாயில்லை," என்றார்.
அது அதிர்ந்து அதிர்ந்து
விளிம்புவரை நகர்ந்து நின்றது.
நான் அடுத்த வில்லையைப் போட்டேன்.

வீடு வரும் வழியில் பாண் வாங்கினேன்.
முதலிட்ட தொகை, ரூபாய் பதினாறு.
பழைய செயலியை இன்னும் அழிக்கவில்லை.