மடியில் வந்த சுக்கான்

போன முறை
சரிவின் கடைசி அடியில்
ஒரு சத்தம் கேட்டது.
பெரிய சத்தமில்லை,
சிரட்டையைக் குதிக்காலால் மிதித்த மாதிரி.
படகு மிதந்தது. பாயும் விரிந்தது.
திரும்பு என்றால் மட்டும் திரும்பவில்லை.
படகின் அடி தட்டுமுன்
தட்டுவது சுக்கான்தான் என்று
அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆகவே இம்முறை
அது படகோடு வரவில்லை.
வானின் முன் சீற்றில்
பழைய படுக்கை விரிப்பால் சுற்றி
என் மடியில் வருகிறது.
வட்டுக்கோட்டைச் சந்தியில்
வாழைக்குலை விற்கிறவர் எட்டிப் பார்த்து
"பிள்ளைக்குக் காய்ச்சலோ?" என்றார்.
"ஓம், கொஞ்சம்" என்றேன்.

பின்னால் றெயிலர்.
கோண்டாவில் பட்டறையில் ஒட்டியது.
இரண்டும் மோட்டார் சைக்கிள் சக்கரம்தான்,
ஒரே சைக்கிளுடையவை அல்ல.
குழிக்குக் குழி குதித்து வரும் படகின்
முதுகில் இரண்டு வெறும் வளையங்கள்,
தோடு கழற்றிய காதுகள்.

"மேலே தூக்கிக் கட்டியிருந்தால் போதும்" என்கிறான் கிளமென்ற்.
போன முறையும் கட்டித்தான் இருந்தோம்.
அவிழ்ந்த முடிச்சு யார் போட்டது என்பதை
ஏழு மாதமாக
நாங்கள் கதைப்பதில்லை.

அராலித்துறை.
சோளகம் இன்னும் எழும்பவில்லை.
கொங்கிறீற்றுச் சரிவில் வழுவழுவென்று பாசி.
பின்னுக்கு எடுக்கையில்
ஸ்ரியறிங்கை இடம் வெட்டினால் றெயிலர் வலம் போகும்.
இதை அவனுக்குப் படிப்பித்தது நானல்ல,
பக்கத்து வீட்டு வேலி.
"வா... வா... நில்!"
சக்கரம் மூழ்கியது.
படகு நழுவியது.

நழுவிய கணத்தில் அது படகே இல்லை,
ஒரு பெட்டி.
கயிற்றின் மறுநுனியில் நான்,
கக்கத்தில் சுக்கான்.
அவன் வானை மேலே ஏற்றி
பூவரசுக்குக் கீழே விட்டுவிட்டு ஓடி வந்தான்.

கணுக்கால். இல்லை.
முழங்கால். இல்லை.
எங்கள் கடல் இப்படித்தான்,
அரைக் கட்டை நடந்தாலும்
சீலை நனைய யோசிக்கும்.
காலுக்குக் கீழ் சேறு, சிப்பி,
யாரோ மறந்த நண்டுவலைக் கம்பு.
"இப்ப மாட்டுவமோ?"
நான் சுக்கானை நிமிர்த்தித்
தண்ணீருக்குள் விட்டுப் பார்க்கிறேன்.
நுனி சேற்றில் முட்டுகிறது.
தன் ஆழத்தைத் தானே அளந்து
சொல்லட்டும்.
"இன்னும் ஒரு சாண்."

இடுப்பு.
மேல் ஊசி மேல் வளையத்துக்கு,
கீழ் ஊசி கீழ் வளையத்துக்கு.
சொல்ல எவ்வளவு சுலபம்.
அலை தூக்கும்போது ஒன்று சரிவரும்,
தாழ்த்தும்போது மற்றது.
படகின் முதுகை நெஞ்சோடு அணைத்து
கண் காணாத இடத்தில் விரலால் தடவி
கிளிக்.

"பூட்டுற ஆணி?"
கிளமென்ற் சட்டைப் பையைத் தட்டினான்.
மற்றப் பையையும் தட்டினான்.
ஆணி மானிப்பாயில் இருக்கிறது,
சாப்பாட்டு மேசையில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில்.
எனக்கே தெரிகிறது இங்கிருந்து.

கொண்டை ஊசியை உருவி
வளைத்துச் செருகினேன்.
அவிழ்ந்த தலைமயிர் இடக் கன்னத்தில் ஒட்டியது.
காற்று எந்தப் பக்கமென்று
அப்படித்தான் தெரிந்தது.

ஏறினோம். பாய் படபடத்து நிறைந்தது.
பிடியை என் கையில் தந்தான்,
கேட்காமலே.
"அந்த முடிச்சு" என்றேன்,
"நான் போட்டதுதான்."
"தெரியும்."
எவ்வளவு நாளாய் என்று கேட்க வாய் எடுக்க
அவன் கரையைப் பார்த்தான்,
பூவரசைப் பார்த்தான்,
சரிவைப் பார்த்தான்.
"பொறு. வானுக்கு
கைப்பிறேக் போட்டனானோ?"

பிடியைத் தள்ளினேன்.
படகு திரும்பியது.