மூன்றாம் குழாயின் வளையம்

மீரட்டில் செய்த பித்தளை.
காரைக்குடிக்கு வந்து
மூன்றாவது ஆளாக நான் ஊதுகிறேன்.
முதல் ஆள் அடகு வைத்தார்,
இரண்டாம் ஆள் மீட்டுவிட்டுச் செத்துப்போனார்.
இருவர் வாயும் தேய்த்த வெள்ளிப்பூச்சு
ஓரத்தில் மஞ்சளாக இளிக்கும்.

விரல் படாத சா ஒழுங்காக நிற்கும். பாவும் அப்படியே.
மேல் கா சற்றே தாழும்,
உதட்டை இறுக்கினால் வந்துவிடும்.
ஏழாவது படி ஒன்று உண்டு,
பிறவியிலேயே கோணல், அதை யாரும் மிதிப்பதில்லை.
இதெல்லாம் பொறுத்துப் போகலாம்.

என் வழக்கு கீழ் ரியோடு.

ஒன்றாம் பொத்தானை அமுக்கினால்
காற்று ஒரு வளைவு சுற்றிவிட்டு வரும்,
சுரம் இறங்கும்.
இரண்டாவதற்குக் குட்டிக் குழாய்,
மூன்றாவதற்கு நீளக் குழாய்.
தனித்தனியே ஊதிப் பார், மூன்றும் யோக்கியம்.
ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அமுக்கு,
கணக்கில் ஒரு விரற்கடை உதைக்கும்.
ரி பந்தலுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் வாசித்தோம்.
எட்டுப் புள்ளிக்குப் பங்கு,
எட்டு அறை, எட்டுச் சாவி.
சாப்பாட்டுக்கு இலை போடும் நேரத்திலும்
வளவில் ஒருவர் டேப் பிடித்துக்கொண்டிருந்தார்.
ஒவ்வொரு பங்கும் பத்திரப்படி சரி,
கூட்டினால் வீட்டைவிட ஒன்றே முக்கால் அடி கம்மி.
சுவரின் கனம் யார் பங்கிலும் எழுதப்படவில்லை.

என் குழாயிலும் அப்படி ஒரு சுவர்
இருக்கும் என்று கொஞ்சநாள் நம்பினேன்.
விஷயம் வேறு.
மூன்றாம் குழாயை வெட்டியவன்
மொட்டை டிரம்பெட்டுக்கு அளந்து வெட்டினான்.
ஒன்றாவது அதை ஏற்கெனவே நீட்டிவிட்டது.
வளர்ந்தவனுக்குப்
பழைய நாலு முழம் எப்படிப் போதும்?

செய்தவனுக்கும் இது தெரியும்.
தெரிந்துதான் அந்தக் குழாயில்
ஒரு வளையத்தைப் பற்றவைத்தான்,
ஊதும்போதே மோதிரவிரலால்
முன்னே தள்ளிக்கொள்ள.
என் வளையம் அசையாது.
பச்சைக் களிம்பு, பழைய பிராஸோ,
யாரோ அவசரத்தில் வைத்த ஈயம்.

பதினோரு வருஷம் தாடையைத் தொங்கவிட்டு,
நாக்கைத் தாழ்த்தி,
ரியை வாயாலேயே கீழே இழுத்தேன்.
சித்திரை மாதம் அதுவும் பலிக்காது.
மாப்பிள்ளை அழைப்பு நாலு மணிக்கு,
பித்தளை தோசைக்கல்.
சூடேறிய காற்று சுருதியைத் தூக்கும்.
பெரிய குழாயைப் பாதி உருவி வைத்தாலும்
கிளாரினெட் ஞானாதிக்கம்
வாசிப்பை நிறுத்தாமல்
என் பக்கம் ஒரு கண்ணை மட்டும் திருப்புவார்.
அந்தக் கண்ணுக்காகத்தான் போனேன்
கல்லுக்கட்டிப் பக்கத்து ரேடியேட்டர் பட்டறைக்கு.

சிக்கந்தர் இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறவைத்தான்.
காலையில் இளம் தீ காட்டினான்,
நாடா கோத்து ஒரே வெட்டு.
சோடா மூடி கழன்ற சத்தம்.
உள்ளிருந்து வந்தது
முன்னவர் எச்சிலா, முன்னவருக்கு முன்னவர் எச்சிலா,
கறுப்பாக ஒரு சொட்டு.
லாரி ரேடியேட்டருக்கு வாங்கும் கூலியையே வாங்கினான்.

மறுநாள் பள்ளத்தூரில் மணிவிழா.
மாலை மாற்றும் இடத்தில் கீழ் ரி வந்தது.
விரலை நீட்டினேன், குழாய் வெண்ணெயாக வழுக்கியது.
ரி விழுந்தது,
கிணற்றில் வாளி விழுகிற மாதிரி,
அது நிற்க வேண்டிய படியையும் தாண்டி.
ஞானாதிக்கம் இந்த முறை
இரண்டு கண்ணையும் திருப்பினார்.

குழாய் நேராகிவிட்ட செய்தி
உதட்டுக்குப் போய்ச் சேரவில்லை.
அது வழக்கம்போல் இழுத்துக்கொண்டிருந்தது,
பதினோரு வருஷ விசுவாசத்தோடு.

இப்போது விடிகாலையில்
கோவிலூர் சாலைப் புளியமரத்தடியில் நின்று
ஒரே சுரத்தை ஊதுகிறேன்.
விரலை நீட்டு. வாயைச் சும்மா விடு.
விரலை நீட்டு.
பால்காரர் ஒருவர் நேற்று வண்டியை நிறுத்தி
டியூப் ஏதும் பஞ்சரா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நாலுக்கு ஒன்று சரியாக விழுகிறது.
அடுத்த முகூர்த்தம் வைகாசி ஏழு.